கொடி விழாத மாட்டுக்குக் கடையில் எதை வாங்குவது, எதை விடுவது

"கண்டு போட்டிட்டுது, கொடிதான் இன்னும் விழேல்லை." மாடு கன்று போட்டும் நஞ்சுக்கொடி விழாமல் நிற்கிறது என்பதே பொருள். இந்தச் சொல்லோடு வன்னியில் ஏ9 வீதியோரம் பரந்தனிலோ மாங்குளத்திலோ வவுனியாவிலோ ஒரு மிருக மருந்துக் கடைக்குள் போனால், மேசைக்கு வரும் பொருட்கள் பெரும்பாலும் ஒன்றுதான். கருப்பைக்குள் வைக்கிற பெரிய குளிசை, மண்ணிறப் போத்தலில் மூலிகைச் சிரப், கல்சியம். பிறிஜ் வைத்திருக்கிற கடையென்றால், கருப்பையைச் சுருக்கும் ஓமோனான ஒட்சிரோசின் ஊசியும் வரும். இவற்றோடு, வந்து கை போட்டு எடுத்துத் தருவார் என்று ஒருவருடைய தொலைபேசி இலக்கமும் கிடைக்கும். இவை ஒவ்வொன்றும் கொடுக்கிற காசுக்குத் தகுமா என்பதே இங்கே பார்க்கப்படுகிறது. விலை கடைக்குக் கடையும் மாதத்துக்கு மாதமும் மாறுவதால், விலைக்குப் பதிலாக அந்தப் பொருள் மாட்டுக்கு என்ன செய்கிறது என்பதைக் கொண்டு மதிப்பிட்டிருக்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கொடி விழாத மாட்டுக்குக் கடையில் வாங்கக்கூடிய மிக உருப்படியான பொருள் ஒரு தேமாமீற்றர். அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு.

கடைக்குப் புறப்பட முதல் நேரத்தைப் பாருங்கள். கன்று விழுந்து 3 முதல் 8 மணித்தியாலத்துக்குள் பெரும்பாலான மாடுகள் கொடியைப் போட்டுவிடும். 12 மணி வரை பொறுக்கலாம். அதைத் தாண்டினால் தாமதம், 24 மணியும் தாண்டினால் தங்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும். பின்னேரம் 6 மணிக்குக் கன்று போட்ட மாட்டுக்கு இரவு 10 மணிக்கு மருந்து தேடி ஓடுவதில் பயனில்லை. இன்னொன்று, கொடி உண்மையிலேயே விழவில்லையா என்பதும் உறுதியாகத் தெரிய வேண்டும். இரவில் விழுந்த கொடியை மாடே தின்றுவிடும், இல்லாவிட்டால் நாய் இழுத்துப் போய்விடும். விடிய வந்து பார்த்தவர் கொட்டிலில் ஒன்றும் இல்லை, மாட்டிலும் ஒன்றும் தொங்கவில்லை என்றவுடன் "உள்ளுக்கை நிக்குது" என்று முடிவெடுத்துவிடுவார். விழுந்த கொடி கையில் கிடைத்தால் கையுறையோடு நிலத்தில் விரித்துப் பாருங்கள். ஒரு நீளக் கொம்பும் ஒரு கட்டைக் கொம்பும் இருக்கும். கட்டைக் கொம்பின் நுனி மூடிய பைபோல முழுதாக இல்லாமல் கிழிந்து நின்றால் மிச்சம் உள்ளே இருக்கிறது. பெரும்பாலும் தங்குவது அந்த நுனிதான்.

மருந்துகளை மதிப்பிட, கொடி எப்படிக் கழல்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். பசுவின் கருப்பைச் சுவரில் 75 முதல் 120 வரை மொட்டுகள் இருக்கும். கொடியின் பக்கத்திலும் அதற்கு ஈடான மொட்டுகள் இருந்து, அழுத்திப் பூட்டும் சட்டைப் பொத்தான்கள் போல ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டிருக்கும். கருப்பை சுருங்கித் தள்ளுவதால் மட்டும் அந்தப் பூட்டு திறப்பதில்லை. தாயின் வெண்குருதிக் கலங்கள் கொடியைப் பிற பொருளாக இனங்கண்டு, பூட்டைப் பிடித்திருக்கும் கொலாஜன் நாரை நொதியங்களால் கரைக்க வேண்டும். இதற்கான ஆயத்தம் கன்று போடுவதற்குச் சில கிழமைகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அந்தக் கலங்கள் சோர்ந்திருக்கும் மாட்டில், கருப்பை எவ்வளவு சுருங்கினாலும் கொடி விடாது. "கருப்பையைச் சுருக்கிக் கொடியைத் தள்ளும்" என்று பெட்டியில் எழுதி விற்கப்படும் எந்தப் பொருளும் கோளாறின் இரண்டாம் பாதியைத்தான் தொடுகிறது.

கை போட்டு எடுக்கும் சேவை

வன்னியில் இன்னும் அதிகம் நாடப்படுவது இதுதான். காரணமும் விளங்குகிறது. காசு கொடுத்தவருக்குக் கண்முன்னே ஒரு வாளி நிறையக் கொடி வந்து விழுகிறது. நாற்றம் போகிறது, மனம் ஆறுகிறது. ஆனால் உள்ளே நடந்தது வேறு. நூறு மொட்டுகளையும் விரலால் ஒவ்வொன்றாகப் பிரிக்கும்போது கொடியின் மெல்லிய, விரல்போன்ற நுனிகள் முறிந்து தாயின் மொட்டுக்குள்ளேயே நின்றுவிடும். சுவர் கீறுப்படும், சில இடத்தில் இரத்தம் கசியும். கையோடு போன சாணமும் கிருமியும் அந்தக் கீறலில் குடியேறும். கருப்பைக்குள் கிருமியைத் தின்னும் வெண்குருதிக் கலங்களின் வேலையும் இந்தக் கிளறலால் மந்தமாகும். காய்ச்சல் அடித்துக்கொண்டிருக்கும் மாட்டில் இதைச் செய்தால், கருப்பையில் நிற்கும் நஞ்சைக் குருதிக்குள் தள்ளிவிடுவதாகவே முடியும். கறவைப் பண்ணைகளில் இதை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் கண்டதும் இதுதான்: கை போட்டு எடுத்த மாடு விட்டுவைத்த மாட்டைவிடச் சுகமாக இருப்பதில்லை, மறுபடி சினைப்படப் பிந்துகிறது.

விட்டுவைத்தால் என்ன நடக்கும்? கொடி உள்ளே அழுகி, பூட்டுகள் தாமாகவே இளகி, பெரும்பாலும் 5 முதல் 10 நாளுக்குள் விழுந்துவிடும். அந்த நாட்களில் நாற்றம் அடிக்கும், ஈ மொய்க்கும், அயலட்டையில் முகம் சுளிப்பார்கள். நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரேயொரு சோதனைக்கு இடமுண்டு. மாட்டின் பின்புறத்தைச் சவர்க்காரமும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவி, தோள் வரை நீளும் பொலித்தீன் கையுறை போட்டு, வெளியே தொங்கும் கொடியைப் பிடித்து மெல்ல முறுக்கி மெல்ல இழுத்துப் பார்க்கலாம். ஏற்கெனவே கழன்று வாசலில் தேங்கி நிற்கும் கொடி என்றால் வழுக்கிக்கொண்டு வரும். பிடி இறுகினால் அத்தோடு விட வேண்டும். கல்லையோ பழைய செருப்பையோ அதில் கட்டித் தொங்கவிடுவது அதைவிடக் கெடுதி. பாதியில் அறுந்து மிச்சம் உள்ளே போய்விடும், முக்கி முக்கிக் கருப்பையே வெளித்தள்ளும் அபாயமும் உண்டு. தொங்கும் பகுதி நிலத்தில் இழுபட்டால் அல்லது மாடு மிதித்தால், பின்னங்கால் முட்டுக்குச் சற்று மேலே சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டிவிட்டால் போதும்.

மதிப்பெண்: 5க்கு 0. இந்தச் சேவைக்குக் கொடுக்கும் காசை ஒரு நல்ல மருத்துவரின் வருகைக்குக் கொடுங்கள்.

கருப்பைக் குளிசை

பெரும்பாலும் ஒட்சிரெட்ராசைக்கிளின் என்ற அன்ரிபயோற்றிக் சேர்ந்தது. கைக்கு அடக்கமாக, ஈரம் பட்டால் கரைவதாக அல்லது நுரைப்பதாக வரும். கொடி விழாத மாட்டுக்கு இது கட்டாயம் என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது. இதில் ஒரு முரண் உண்டு. ரெட்ராசைக்கிளின் குடும்ப மருந்துகள் கிருமியை மட்டும் அடக்குவதில்லை, கொலாஜனைக் கரைக்கும் அந்த நொதியங்களையும் அடக்குகின்றன. கொடி கழலத் தேவையான வேலையையே மருந்து மந்தப்படுத்துகிறது. அழுகுவதும் தடைப்படுவதால் கொடி இன்னும் சில நாள் தங்கலாம். கருப்பைக் காய்ச்சல் வரும் வாய்ப்பை ஓரளவு குறைக்கும் என்பது மட்டுமே இதன் பக்கம் சொல்லக்கூடிய நியாயம். கொடியை விழுத்தும் மருந்து என்று விற்பது பிழை.

வைக்கும் விதத்திலும் பிழை நடக்கிறது. தொங்கும் கொடியின் பைக்குள்ளேயே குளிசையைத் தள்ளிவிட்டால் அது கருப்பைச் சுவரைத் தொடாமல் கொடியோடு வெளியே வந்துவிடும். கொடிக்கும் சுவருக்கும் நடுவே போக வேண்டும், அதற்கு உள்ளே கை போக வேண்டும், கையோடு கிருமியும் போகும்.

உண்மையான செலவு பெட்டியின் விலையில் இல்லை. லேபலில் பால் விலக்குக் காலம், அதாவது பாலை விற்கவோ குடிக்கவோ கூடாத காலம், 4 நாள் என்றிருந்தால், நாளுக்கு 8 லீற்றர் தரும் ஜேர்சிக் கலப்பு மாட்டில் 32 லீற்றர் பால் ஊற்றித் தள்ள வேண்டியது. இரண்டாம் தரம் வைத்தால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கருப்பைக்குள் வைத்த மருந்து பாலுக்கு வராது என்று நினைப்பவர்கள் அநேகர். கருப்பைச் சுவர் உறிஞ்சிக் குருதிக்கு அனுப்பும், குருதியிலிருந்து மடிக்கு வரும். அந்தப் பாலில் தயிர் போட்டால் சரியாக உறையாது, ஏனென்றால் உறைமோரின் நுண்ணுயிரையும் மருந்து அடக்கிவிடும். எருமைத் தயிர்ச் சட்டி போடுகிறவர்களுக்கு இது நேரடி நட்டம். பால் சேகரிப்பு நிலையத்தில் ஒருவரின் பால் முழுப் பீப்பாயையும் கெடுக்கும்.

பெட்டியில் நைட்ரோபியூரசோன் என்ற பெயர் இருந்தால் வாங்கவே வேண்டாம். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளில் அதை ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் தடைசெய்து கனகாலம். 5க்கு 1, அதுவும் மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும்.

ஒட்சிரோசின்

நல்ல மருந்து, ஆனால் பெரும்பாலும் தவறான நேரத்தில் போடப்படுகிறது. கன்று போட்ட முதல் சில மணித்தியாலங்களில், கருப்பை களைத்துச் சுருங்காமல் கிடக்கும் மாட்டுக்கு, உதாரணமாகக் கன்றை இழுத்து எடுக்க வேண்டி வந்த மாட்டுக்கு, 20 முதல் 50 அலகு வரை தசையில் போடுவது வழக்கம். ஒரு மில்லிலீற்றரில் 10 அலகு உள்ள மருந்தென்றால் 2 முதல் 5 மில்லிலீற்றர். குருதியில் அது சில நிமிடங்களே நிற்கும். இரண்டு நாள் கழித்துப் போட்டால் கருப்பை அதற்குப் பெரிதாகச் செவிசாய்க்காது. சுகமாக ஈன்ற மாட்டில் முதல் நாளே போட்டாலும், பூட்டுத் திறக்காத கொடியை அது விழுத்தும் என்று நம்ப முடியாது. கன்று உள்ளே இருக்கும்போது அவசரப்பட்டுப் போடுவது ஆபத்து, கருப்பை கிழியும்.

வாங்கும்போது கேட்க வேண்டியது ஒன்று: எங்கே வைத்திருந்தீர்கள்? 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டிய மருந்து. ஆவணி வெயிலில் மோட்டார் சைக்கிள் பையில் ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணி வரை போன போத்தலில் மருந்து எவ்வளவு மிச்சமிருக்கும் என்பது சந்தேகம். ஐஸ் கட்டிப் பையோடு கொண்டுபோக முடியாவிட்டால் வாங்காதீர்கள்.

இதே ஓமோனை இலவசமாகப் பெறும் வழி வீட்டிலேயே இருக்கிறது. கன்று எழும்பியவுடன், முதல் அரை மணிக்குள் ஊட்ட விடுங்கள். முலை சப்பும்போது தாயின் உடலில் ஒட்சிரோசின் தானாகவே சுரக்கும். "கொடி விழுந்தாப் பிறகுதான் பால் குடுக்கலாம்" என்று கன்றைப் பிடித்துக் கட்டிவைக்கும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. தாய்க்கும் கேடு, கன்றுக்கும் கேடு. சீம்பாலின் நோயெதிர்ப்புப் புரதங்களைக் கன்றின் குடல் முதல் மணித்தியாலங்களில்தான் நன்றாக உறிஞ்சும், ஒரு நாள் கழிந்தால் கதவு மூடிவிடும்.

கல்சியமும் சிரப்பும்

மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்ட, பால் கூடிய கலப்பு மாடு கன்று போட்டபின் காது குளிர்ந்து, தள்ளாடி, சாணம் போடாமல் நின்றால் கொடியை மறந்துவிட்டுக் கல்சியத்தைப் பாருங்கள். கல்சியம் குறைந்தால் கருப்பைத் தசையும் சுருங்காது, வெண்குருதிக் கலங்களும் சோர்ந்துவிடும். 40 வீதக் கல்சியம் போரோகுளுக்கோனேற்று 400 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்றில் ஏறத்தாழ 12 கிராம் கல்சியம் இருக்கும். அதை உடற்சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, நாளத்தில் 10 முதல் 15 நிமிடம் எடுத்து மெதுவாக, இதயத்துடிப்பைக் கேட்டபடியே ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுபோகும். இது மருத்துவரின் வேலை, கடைக்காரரின் வேலையோ அயலவரின் வேலையோ அல்ல. எழும்பி நன்றாக விழுங்கும் மாட்டுக்கு வாயால் கொடுக்கும் கல்சிய ஜெல், கன்று போட்டவுடன் ஒன்றும் 12 மணி கழித்து ஒன்றும் கொடுப்பது நல்ல முதலீடு. இந்த மேசையில் 5க்கு 4 பெறும் மருந்து இதுதான்.

ஆனால் கன்று போட ஒரு மாதம் இருக்கும்போதே கல்சியத் திரவத்தைத் தினமும் ஊற்றுவது தலைகீழ் வேலை. வயிற்றுக்குக் கல்சியம் தாராளமாக வந்துகொண்டிருந்தால், எலும்பிலிருந்து கல்சியம் எடுக்கும் பொறிமுறை சோம்பிவிடும். கன்று போட்ட அன்று திடீரென்று மடிக்குத் தேவைப்படும்போது எடுக்கத் தெரியாமல் மாடு விழும். "சத்துக்கு நல்லது" என்று விற்பவர் சொன்னாலும், கடைசி மூன்று கிழமைகளில் அந்தப் போத்தலைத் திறக்காதீர்கள்.

மூலிகைச் சிரப்புகளைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கொடி விழுவதை அவை வேகப்படுத்துகின்றன என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அநேக மாடுகள் எப்படியும் போட்டுவிடும் நேரத்திலேயே சிரப் கொடுக்கப்படுவதால் பெயர் சிரப்புக்குப் போகிறது. கொடுப்பதென்றால் தலையை மிக உயர்த்தி நாக்கை இழுத்துப் பிடித்து ஊற்றாதீர்கள், மருந்து சுவாசப்பைக்குப் போய்விடும். படுத்து எழும்ப முடியாத மாட்டுக்கு வாயால் எதுவும் ஊற்றக் கூடாது. வேலியில் படரும் கார்த்திகைக் கிழங்கை அரைத்துக் கொடுப்பது மருத்துவம் அல்ல, அதில் உள்ள கொல்கிசின் மாட்டையே கொல்லும்.

கைத்தொலைபேசியில் சுற்றும் முள்ளங்கி, வெண்டிக்காய் முறை பற்றியும் ஒரு சொல். இந்தியாவின் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் பரப்பிய பாரம்பரிய முறை அது. கன்று போட்டு 2 மணிக்குள் ஒரு முழு முள்ளங்கி, 8 மணி வரை கொடி விழாவிட்டால் ஒன்றரைக் கிலோ வெண்டிக்காயைச் சர்க்கரைக் கட்டியும் உப்பும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது. தீங்கில்லை, களைத்த மாட்டுக்கு இனிப்பும் உப்பும் தண்ணீரும் நல்லவைதான். எங்களூரில் பனங்கட்டி போதும். அந்த முறையில் மிகப் பெறுமதியான வரியைத்தான் பகிர்கிறவர்கள் வெட்டிவிடுகிறார்கள்: கை விட்டு எடுக்க முயலாதே என்று அதிலும் சொல்லப்பட்டிருக்கிறது.

தேமாமீற்றர்

மனிதருக்கு விற்கும் சாதாரண டிஜிற்றல் தேமாமீற்றரே போதும், எந்தப் பாமசியிலும் கிடைக்கும். வாங்கியவுடன் உங்கள் அக்குளில் ஒருமுறை, வீட்டில் இன்னொருவர் அக்குளில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். இரண்டும் 36க்கும் 37க்கும் இடையில் நின்றால் கருவி சரி. பின்முனையில் நூல் கட்டி, நூலின் மறுமுனையில் உடுப்புக் கிளிப் ஒன்று பூட்டி வால் மயிரில் குத்திவிடுங்கள். மாடு முக்கித் தள்ளினாலும் கீழே விழாது. முனையில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் விட்டு, சற்றுச் சரித்து உட்சுவரோடு ஒட்ட வைக்க வேண்டும். சாணக் கட்டிக்குள் குத்தி நின்றால் குறைவாகக் காட்டும்.

காலையில் 7 மணிக்கு முன், கொட்டில் நிழலில் பாருங்கள். வன்னியின் நண்பகல் வெயிலில் நின்ற மாடு நோயில்லாமலே 39.5 காட்டும். சாதாரண அளவு 38 முதல் 39.3 பாகை வரை. கொடி தங்கிய மாட்டுக்குப் பத்து நாள், தினம் ஒருமுறை, கலண்டரின் கட்டத்திலேயே எழுதிவையுங்கள். 39.5ஐத் தாண்டினால், அல்லது அளவு சரியாக இருந்தும் மாடு தீனி எடுக்காமல் சோர்ந்து பால் விழுந்து, செம்மண்ணிறத் தண்ணிபோல நாறும் கழிவு வடிந்தால், அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். வெறும் நாற்றம் மட்டும் நோயல்ல. காய்ச்சலில்லாமல் அசைபோட்டுக்கொண்டு பால் தரும் மாட்டுக்கு அன்ரிபயோற்றிக் தேவையே இல்லை.

கொடி தங்கிய மாடுகளில் கணிசமானவை எந்த மருந்தும் இல்லாமல் தப்பிவிடும், எது தப்பாது என்பதை இந்தக் கருவிதான் காட்டுகிறது. 5க்கு 5.

காய்ச்சல் வந்தால்

இப்போது அன்ரிபயோற்றிக் வேண்டும், கருப்பைக்குள் அல்ல, ஊசியாக உடம்புக்கு. எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். பெனிசிலின் அல்லது செப்ரியோபர் வகை என்றால் 3 முதல் 5 நாள் வழக்கம். செப்ரியோபருக்குப் பால் விலக்கு மிகக் குறைவு அல்லது இல்லை என்பதால் விலை கூடினாலும் கணக்குப் பார்த்தால் மலிவாக முடிவதுண்டு. லேபலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி நடக்கும் பிழை அளவில். 300 கிலோ மாட்டுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று 10 வீத ஒட்சிரெட்ராசைக்கிளின் எழுதப்பட்டால் 30 மில்லிலீற்றர் போக வேண்டும், ஒரே இடத்தில் 10 மில்லிலீற்றருக்கு மேல் போகாமல் பிரித்து. போத்தல் நாளைக்கும் இருக்கட்டும் என்று 10 மில்லிலீற்றரோடு நிறுத்துவதும், ஒரு ஊசியில் மாடு தீனி எடுத்தவுடன் மிச்சத்தை விடுவதும், அடுத்த கிழமை அதே காய்ச்சல் திரும்பக் காரணம்.

நல்ல மருத்துவச் சேவையை எப்படி இனங்காண்பது? அரச கால்நடை வைத்தியராக இருந்தாலும் தனியாராக இருந்தாலும், வந்தவுடன் கேட்கும் கேள்வியில் தெரிந்துவிடும். "எத்தினை மணிக்கு அண்ணை கண்டு போட்டது? மாதம் நிறைஞ்சு போட்டதோ, முன்னுக்கு விழுந்ததோ? இரட்டையோ?" என்று கேட்டு, காய்ச்சல் பார்த்து, காதைத் தொட்டுப் பார்த்து, கையுறை போட்டு, பாலை எத்தனை நாள் ஊற்றித் தள்ள வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர் நல்லவர். வந்தவுடன் கைச்சட்டையைச் சுருட்டுகிறவரை மெல்ல நிறுத்துங்கள். "இண்டைக்குக் கை போட வேண்டாம் டொக்டர், காய்ச்சலை மட்டும் பாருங்கோ" என்று சொல்ல மாட்டுக்காரருக்கு உரிமையுண்டு.

முன்கூட்டி வாங்க வேண்டியவை

சுகமாக ஈன்ற கறவை மாடுகளிலும் நூற்றுக்கு 5 முதல் 15 வரை கொடி தங்கும் என்பது பொதுக் கணக்கு. இரட்டைக் கன்று, இழுத்து எடுத்த கன்று, மாதம் நிறையாமல் போட்ட கன்று, கருச்சிதைவு என்றால் இது பல மடங்காகும். சிறிய நாட்டுப் பசுவுக்குப் பெரிய இனமான பிரிசியனின் சினை ஊசி போட்டுவிட்டுக் கன்று பெரிதாகிச் சிக்குவது பட்டிக்காரர்களுக்குப் பழகிய கதை. முதல் ஈற்றுக்கு ஜேர்சி அல்லது சாஹிவால் கேளுங்கள். சினைப்படுத்திய திகதி எழுதியிருந்தால் ஏறத்தாழ 280 நாளில் கன்றை எதிர்பார்க்கலாம், 270க்கு முன் வந்தால் கொடியில் ஒரு கண் வையுங்கள்.

வன்னிக்கு உரிய சிக்கல் கோடை. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை குளத்து அலைகரையும் காய்ந்து, மாடு வைக்கலில் நிற்கும். பச்சை இல்லாத வைக்கலில் விற்றமின் ஏயும் ஈயும் இல்லையென்றே சொல்லலாம். வெண்குருதிக் கலங்களுக்குத் தேவையான விற்றமின் ஈ, செலனியம் இரண்டும் குறைந்த நிலையில் கோடைக் கடைசியில் கன்று போடும் மாட்டில் கொடி தங்குவது வியப்பல்ல. கிணற்றுத் தண்ணீர் உள்ளவர்கள் சீஓ-3 புல் ஒரு பாத்தியாவது வைத்திருக்க வேண்டும். இல்லாதவர்களுக்கு வேலிக் கிளிரிசிடியாவும் இப்பில் இப்பிலும் இருக்கின்றன. இவற்றில் கல்சியம் அதிகம் என்பதால் கடைசி மூன்று கிழமை அளவோடு, வைக்கலோடும் தவிட்டோடும் கலந்து கொடுங்கள்.

கனியுப்புக் கலவை நாளுக்கு 50 கிராம், கறவை வற்றிய இரண்டு மாதமும். வாங்கும்போது லேபலில் செலனியம், செப்பு, நாகம் (சிங்க்) மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள், வெறும் கல்சியமும் பொசுபரசும் மட்டும் போட்ட மலிவுப் பொதிகள் உண்டு. விற்றமின் ஈ, செலனியம் சேர்ந்த ஊசி கன்று போட மூன்று கிழமைக்கு முன் ஒருமுறை போடப்படுவது. குறைபாடுள்ள மாட்டில்தான் பலன் தெரியும். பச்சை தாராளமாகத் தின்ற மாட்டுக்கு வீண். செலனியம் கூடினால் நஞ்சு, ஆகவே கனியுப்பில் இருக்கிறதென்று தெரிந்தும் ஊசியை இரண்டு மூன்று தரம் போடக் கூடாது. மாடு கொழுத்துப் போவதும் ஆகாது. பின்புறத்து எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது.

கையுறை ஒரு பெட்டி கட்டாயம். ஆறேழு மாதத்தில் கரு விழுந்து கொடியும் தங்கினால் முதலில் நினைக்க வேண்டியது கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லாக் கிருமி. அது மனிதருக்கும் தொற்றும், விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டு நோவும் தரும். கருவையும் கொடியையும் வெறுங்கையால் தொடக் கூடாது, கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் கிட்டப் போகக் கூடாது, பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. மாட்டைத் தனியே கட்டிவிட்டு மருத்துவருக்கு அறிவித்துக் குருதிச் சோதனை செய்விக்க வேண்டும். தடுப்பூசி பெண் கன்றுகளுக்கு மட்டும், இளவயதில் ஒருமுறை.

கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் பால் பெருகும் என்ற நம்பிக்கையில் வந்தது. காகம் கொத்தி, அறுந்து விழுந்ததை நாய் தின்றால் நோய் ஊர் சுற்றும். நாய் வழியாக மாட்டில் கருச்சிதைவை உண்டாக்கும் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணியும் இப்படித்தான் வட்டம் போடுகிறது. மூன்று நாலு அடி கிடங்கு வெட்டி, மேலே சுண்ணாம்பு தூவி, நாய் கிளறாதபடி முள் போட்டுத் தாழ்த்துவதே சரி.

கொடி தங்கிய மாட்டை ஒரு மாதம் கழித்து மருத்துவரிடம் காட்டிக் கருப்பை சுருங்கிவிட்டதா, சீழ் நிற்கிறதா என்று பார்ப்பிக்க வேண்டும். சீழ் நின்றால் அப்போது புறொஸ்ரகிளான்டின் என்ற ஓமோன் ஊசிக்கு வேலையுண்டு. கன்று போட்ட கிழமையிலேயே கொடி விழுத்த அதைப் போடுவது காசைக் கரைப்பது, கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்தப் போத்தலைத் தொடவே கூடாது. 60 நாள் கழியாமல் சினைப்படுத்த அவசரப்படாதீர்கள். முதல் வேட்கையில் வழும்பு கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தால் அடுத்த வேட்கைக்குச் சினை ஊசி போடலாம், வெள்ளைப் புள்ளி மிதந்தால் அந்த முறையையும் விட்டுவிட்டு மறுபடி காட்டுங்கள்.